கதை பிள்ளையின் பிறப்பிலிருந்து தொடங்கட்டும்

தத்தெடுத்த பெற்றோரிடம் "பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால், அநேகமாக எல்லாரிடமும் ஒரு கதை தயாராக இருக்கும். கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காராவில் பதிவு செய்தோம், காத்திருந்தோம். ஒருநாள் போன் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தோம், எங்களைப் பார்த்ததும் நீ சிரித்தாய். அழகான கதை. உண்மையும்கூட. ஆனால் அது பெற்றோரின் கதை. அதில் பிள்ளை கடைசி வரியில்தான் வருகிறது. அந்தப் போன் வருவதற்கு முன்பே அந்தக் குழந்தைக்கு ஒரு பிறந்தநாள் இருந்தது. சுமந்து பெற்ற ஒரு தாய் இருந்தார். இல்லத்தில் பால் புகட்டிய ஆயா இருந்தார். வேறொரு பெயர்கூட இருந்திருக்கலாம்.

போனில் தொடங்கும் கதையை மட்டுமே கேட்டு வளரும் குழந்தை, பள்ளியில் மற்ற பிள்ளைகள் அம்மா வயிற்றிலிருந்து வந்ததைப் பற்றிப் பேசும்போது குழம்பிப்போகிறது. அவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். தான் மட்டும் ஏதோ ஓர் ஆபீஸிலிருந்து வந்ததாக நினைத்துக்கொள்கிறது. ஆகவே கதையைப் பிள்ளை பிறந்ததிலிருந்து தொடங்குங்கள். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது இது ஒன்றைத்தான். உங்கள் காத்திருப்பும் பதிவும் போனும் அதற்குப் பிறகு வரட்டும்.

சொல்லாமலே விட்டுவிட்டால்?

இந்தக் கேள்விக்கு அதிகப் பக்கம் செலவழிக்க விருப்பமில்லை. ரகசியம் தங்காது. வயிற்றில் துணி கட்டிக்கொண்டு நடமாடியவர்கள், குழந்தை வந்த கையோடு ஊரையே மாற்றிக்கொண்டு போனவர்கள் எல்லாம் உண்டு. ஆனாலும் பெயர் வைக்கும் விழாவில் சாப்பிட்டுப் போன அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். பங்காளிச் சண்டையில் அது வெளியே வரும். பாகப்பிரிவினையில் வரும். கல்யாணப் பேச்சு எடுத்து ஜாதகம் கேட்கும்போது, பிறந்த நேரம் என்ன என்ற கேள்வியில் வரும். "வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று டாக்டர் கேட்கும்போது பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதிலேயே பாதி வந்துவிடும். இருபத்தைந்து வயதில் கல்யாண மண்டபத்தில் ஓர் ஒன்றுவிட்ட பெரியப்பா வாயிலிருந்து தெரிந்துகொள்ளும் மகனுக்கு, தான் தத்துப்பிள்ளை என்பதைவிட, இத்தனை பேரும் சேர்ந்து தன்னிடம் மட்டும் மறைத்தார்கள் என்பதுதான் ஆறாமல் நிற்கும்.

நம்மில் பலருக்குச் 'சொல்வது' என்றாலே நினைவுக்கு வருவது 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்'. அந்தப் படத்தில் தத்துப்பிள்ளையான அமுதாவிடம் ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மையைச் சொல்கிறார்கள். படமே அங்கிருந்துதான் வேகமெடுக்கிறது. சினிமாவுக்கு அப்படி ஒரு நாள் வேண்டும், வீட்டுக்கு வேண்டாம். "என்னிடம் சொன்ன நாள்" என்று ஒன்று உங்கள் பிள்ளையின் நினைவில் இருக்கவே கூடாது. எப்போது தெரிந்தது என்றே நினைவில்லாத அளவுக்கு அது பழைய செய்தியாக இருக்க வேண்டும்.

கைக்குழந்தையிடம் பேசிப் பழகுங்கள்

அதற்கு வழி, குழந்தை வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்குவது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, தூளியை ஆட்டும்போது சொல்லுங்கள். குழந்தைக்கு ஒன்றும் புரியாது. பழக வேண்டியது உங்கள் நாக்கு. "உன்னைப் பெத்த அம்மா" என்று முதல்முறை சொல்லும்போது பல தாய்மார்களுக்குத் தொண்டை அடைக்கும். அந்த அடைப்பு, பேச்சு புரியாத குழந்தையின் முன்னால் தீர்ந்துபோவது நல்லது. நாலு வயதுக் குழந்தை உங்கள் சொல்லைவிட முகத்தைத்தான் முதலில் படிக்கும்.

அப்பாக்கள் இதை அம்மாவிடம் தள்ளிவிடுவதைப் பார்க்கிறேன். தள்ளாதீர்கள். இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், இரண்டு பேர் சொல்வதிலும் செய்தி ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டால்கூடத் தவறில்லை.

மூன்று வயதுக்கு ஏறத்தாழ இவ்வளவு போதும்:

"நீ ஒரு அம்மா வயித்துல வளர்ந்த. மத்த பாப்பாங்க மாதிரியேதான் நீயும் பொறந்த. அப்போ அவங்களால எந்தப் பாப்பாவையும் வளர்க்க முடியாம இருந்துச்சு. அதனால ஒரு வீட்டுல நிறையப் பாப்பாங்களோட உன்னைப் பத்திரமா பாத்துக்கிட்டாங்க. எங்களுக்கு ஒரு பாப்பா வேணும்னு நானும் அப்பாவும் எழுதிக் குடுத்திருந்தோம். அவங்க எங்களைக் கூப்பிட்டாங்க. நாங்க பஸ்ல வந்தோம். அன்னைக்கு நீ மஞ்சள் சட்டை போட்டிருந்த. அப்புறம் நாம மூணு பேரும் வீட்டுக்கு வந்துட்டோம்."

மஞ்சள் சட்டையும் பஸ்ஸும் என் சரக்கு. அந்த இடத்தில் உங்கள் வீட்டுச் சரக்கைப் போடுங்கள்: அன்று பெய்த மழை, வழியில் பஞ்சரான டயர், தூக்கியதும் அப்பா சட்டையை நனைத்தது. குழந்தைகள் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். ஒரு சொல் மாறினாலும் திருத்துவார்கள். திருத்தட்டும், கதை அவர்கள் கைக்கு மாறுகிறது என்று அர்த்தம்.

'ஏன்' என்ற கேள்வி

மேலே உள்ள கதையில் ஒரே ஒரு சொல்லைக் கவனித்துப் பாருங்கள்: "எந்தப் பாப்பாவையும்". "உன்னை வளர்க்க முடியல" என்றால், தன்னிடம் ஏதோ குறை இருந்தது என்று குழந்தை முடிவு கட்டும். ரொம்ப அழுதேனோ, கறுப்பாக இருந்தேனோ, பெண்ணாய்ப் பிறந்தேனோ என்று தானே காரணம் தேடும். எந்தக் குழந்தை பிறந்திருந்தாலும் அந்தத் தாயின் நிலைமை அதுதான் என்பது தெளிவாக விழ வேண்டும்.

நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் மற்ற காரணங்களிலும் முள் உண்டு. "அவங்க ஏழை, காசு இல்ல" என்று சொல்லி வைத்தீர்கள். பிறகு ஒருநாள் அப்பாவுக்கு வேலை போகிறது, வீட்டில் பணக் கஷ்டம் என்று பேச்சு அடிபடுகிறது. குழந்தை என்ன நினைக்கும்? "அவங்களுக்கு உடம்பு சரியில்ல" என்றால், உங்களுக்குக் காய்ச்சல் வரும் ஒவ்வொரு முறையும் அது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "உன் மேல ரொம்பப் பாசம், அதனாலதான் குடுத்தாங்க" என்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீங்களும் அதன்மேல் பாசமாகத்தானே இருக்கிறீர்கள்? "செத்துப் போயிட்டாங்க" என்று தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது சுலபமாகத் தோன்றும். பதினெட்டு வயதில் பிள்ளை தேடத் தொடங்கும்போது உங்கள் மற்ற எல்லாச் சொல்லும் சேர்ந்து பொய்யாகும். "சாமி உன்னை எங்களுக்குன்னு அனுப்பினாரு" என்பதைப் பக்தியுள்ள வீட்டில் தவிர்ப்பது கடினம்தான். ஆனால் அந்தச் சாமி முதலில் தன்னை ஏன் வேறொரு வீட்டுக்கு அனுப்பினார் என்று ஏழு வயதில் ஒரு கேள்வி வரும். பதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஏழ்மையோ நோயோ உண்மையான காரணமாக இருந்தால் மறைக்க வேண்டியதில்லை. அதோடு நிறுத்தாமல், உதவிக்கு யாரும் இல்லாததையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அவங்களுக்குத் துணைக்கு ஆளே இல்ல. நமக்குப் பாட்டி இருக்காங்க, மாமா இருக்காங்க, பக்கத்து வீட்டு அக்கா இருக்காங்க" என்னும்போது இரண்டு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்குப் பிடிபடும்.

தெரியாததைத் "தெரியல" என்றே சொல்லுங்கள். "எனக்கும் தெரியல கண்ணு, எனக்கும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைதான்" என்பது முழுமையான பதில்.

கண்டெடுத்த குழந்தை, தொட்டில் குழந்தை

பெற்றவரே குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்து ஒப்படைத்த குழந்தைக்கும், எங்கோ கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும் கதை வேறு. ஒப்படைத்த தாய்க்கு, மனம் மாறினால் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சட்டம் 60 நாள் தருகிறது. இதைப் பத்து வயதுக்கு மேல் சொல்லலாம். ஆனால் சொல்லும் தொனியில் கவனம் வேண்டும். "அறுபது நாள் இருந்தும் வரல பாரு" என்று அதைக் குற்றச்சாட்டாக்கினால், நீங்கள் குத்துவது பிள்ளையின் வேரில்.

கண்டெடுக்கப்பட்ட குழந்தை விஷயத்தில் பெற்றோரின் கை தானாகவே கதை புனையத் துடிக்கும். "உன் அம்மா மரத்துக்குப் பின்னால நின்னு, யாராவது தூக்குறாங்களான்னு அழுதுகிட்டே பார்த்திருப்பாங்க." இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்தது இடமும் நேரமும் தூக்கியவர் யார் என்பதும்தான். அதைச் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டில் கண்டவர் போலீசுக்குச் சொன்னார், போலீஸ்கார அம்மா துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று உங்கள் தாளில் இருந்தால், அந்த இரண்டு பேரும் அந்தக் கதையில் பெரிய மனிதர்கள். புனைந்த கண்ணீரைவிட நடந்த கருணை பலமானது. குப்பைத்தொட்டியில் கிடைத்த குழந்தைக்கு அந்தச் சொல்லைச் சின்ன வயதில் சொல்ல வேண்டாம். "ரோட்டோரத்துல" என்பது பொய் ஆகாது. ஆனால் பன்னிரண்டு வயதுக்குள், ஊரார் வாயிலிருந்து வருவதற்குமுன், உங்கள் வாயிலிருந்து அது வந்துவிட வேண்டும்.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க, குழந்தையை விட்டுச்செல்லத் தொட்டில்கள் வைத்த திட்டம் அது. அந்தத் தொட்டில்களில் வந்த பெண்கள் பலர் இன்று அம்மாக்களாகிவிட்டார்கள். தொட்டிலில் வந்த மகளுக்கு நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது: யாரோ ஒருவர் அவளைத் தூக்கிக்கொண்டு, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் இடம்வரை வந்திருக்கிறார். இது ஊகமில்லை, செயல். மறுபக்கத்தையும் மறைக்க முடியாது. பதின்மூன்று வயதில் அவளே திட்டத்தின் பெயரைத் தேடிப் படித்துவிட்டு, "பொண்ணுங்கிறதாலதான் விட்டாங்களா?" என்பாள். "இருக்கலாம்" என்பதுதான் நேர்மையான பதில். அதோடு, வரதட்சணையையும் மாமியார் வீட்டு வசவையும் ஆண்பிள்ளை ஆசையையும் விரிவாகப் பேசுங்கள். ஒரு தாயின் கல்நெஞ்சு என்று முடிக்காமல், ஊர் முழுக்கச் செய்த பிழை என்று அவள் பார்க்கட்டும். கோபம் வந்தால் வரட்டும். அந்தக் கோபம் நியாயமானது, அதைத் தணிக்கும் வேலை உங்களுக்கு இல்லை.

எட்டு வயதில் வரும் துக்கம்

மூன்று வயதில் குதூகலமாகக் கேட்ட அதே கதையை எட்டு வயதில் பிள்ளை பாதியில் நிறுத்தச் சொல்லும். அல்லது திடீரென்று ஒரு சாயங்காலம் அழும். எங்கே தவறினோம் என்று பெற்றோர் பதறுவார்கள். எங்கும் தவறவில்லை. டேவிட் பிராட்ஜின்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் தன் சகாக்களோடு செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு, தத்து என்பதைப் பிள்ளைகள் வயதுக்கு வயது எப்படி வேறுவேறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டியது. சின்னக் குழந்தை "தத்து" என்ற சொல்லைச் சந்தோஷமாக ஒப்பிக்கும், அதன் பொருள் அதற்கு எட்டியிருக்காது. பள்ளி வயதில்தான், தான் இந்த வீட்டுக்குக் கிடைக்க வேண்டுமானால் இன்னொரு வீடு தன்னை இழந்திருக்க வேண்டும் என்ற கணக்கு பிடிபடுகிறது.

ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ் தத்துப்பிள்ளை. சின்ன வயதிலேயே அவருக்குத் தெரியும். ஆறேழு வயதில் எதிர்வீட்டுச் சிறுமியிடம் இதைச் சொன்னபோது, அப்படியானால் உன் நிஜ அப்பா அம்மாவுக்கு நீ வேண்டாமா என்று அவள் கேட்டுவிட்டாள். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினார். பெற்றோர் அவரை உட்கார வைத்து, உன்னைத்தான் வேண்டுமென்று தேர்ந்தெடுத்தோம் என்று அழுத்தமாகச் சொன்னதை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படிக்கலாம். வளர்ந்த பிறகு, வளர்த்தவர்களை 'வளர்ப்புப் பெற்றோர்' என்று யாரும் சொல்ல அவர் விட்டதில்லை. பெற்ற தாயையும் தேடிக் கண்டுபிடித்தார். இந்த இரண்டும் ஒரே மனதில் இருக்கும். தேடுகிற பிள்ளை உங்களை விட்டுப் போகிற பிள்ளை என்று பயப்படுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

"தேர்ந்தெடுத்தோம்" என்ற பதில் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஒருநாள் ஆறுதலுக்கு அது உதவும். தினமும் சொன்னால், தேர்வுக்குத் தகுதியாகவே இருந்தாக வேண்டும் என்ற பாரம் பிள்ளையின் தலையில் ஏறும். நம் நாட்டில் அது முழு உண்மையும் இல்லை. வரிசைப்படி காராதான் குழந்தையின் விவரத்தை அனுப்புகிறது, நீங்கள் சம்மதித்தீர்கள். அழும் பிள்ளையிடம் பேச்சைவிட மடி போதும். "அவங்க இப்போ எங்க இருப்பாங்கன்னு நெனைக்கிறியா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

தவிட்டுக்கு வாங்கின கதையும் ஆண்டாளும்

தமிழ் வீடுகளில் பெற்ற பிள்ளையையே "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்", "குப்பைத்தொட்டியில எடுத்தோம்" என்று சீண்டுவது வழக்கம். முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கிக் கண்ணேறு கழித்த பழைய சடங்கின் மிச்சம் இது. பிச்சை, குப்பன் என்ற பெயர்களும் அப்படி வந்தவைதான். உங்கள் வீட்டில் இந்தக் கேலி கூடாது. உங்கள் பிள்ளை முன்னால், அண்ணன் பிள்ளையிடம் மாமா விளையாட்டாகச் சொன்னாலும் கூடாது. சித்தப்பா, அத்தை, வீட்டு வேலைக்கு வரும் அக்கா என்று எல்லாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "உங்களுக்குச் சொந்தமா ஒண்ணு பொறந்திருந்தா" என்று இழுப்பவரிடம், "இவ எங்க சொந்தப் பொண்ணுதாங்க" என்று பிள்ளை காதில் விழும்படி சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம். பிள்ளை எப்படி வந்தது என்ற விவரம் உறவுக்காரர்களுக்கு உரியதல்ல. பாட்டிக்குத் தெரிந்த எதுவும் பேத்திக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அப்பத்தாக்கள் தங்கள் பங்குக்குப் புராணத்தைக் கொண்டு வருவார்கள். துளசி வனத்தில் பெரியாழ்வாருக்குக் கிடைத்த ஆண்டாள், யசோதையிடம் வளர்ந்த கண்ணன், கார்த்திகைப் பெண்கள் வளர்த்த முருகன். சொல்லட்டும், எடுத்து வளர்ப்பது நம் ஊருக்குப் புதிதில்லை என்ற தெம்பு பிள்ளைக்கு நல்லது. ஆனால் அது பிள்ளையின் கதைக்குப் பதிலாகிவிடக் கூடாது. ஆண்டாள் கதை மட்டுமே கேட்ட குழந்தை, தன்னையும் செடிக்கடியில் எடுத்ததாக வகுப்பில் சொல்லிவிட்டு வரும். கர்ணன் கதையைப் பத்து வயதுக்குமேல் நீங்களே எடுங்கள். ராதேயன் என்று வளர்த்தவள் பெயரால் அறியப்பட்டவன், பிறப்பைச் சொல்லிச் சபையில் அவமானப்பட்டவன், உண்மை வெகு தாமதமாகத் தெரிந்தவன் என்று அதில் பேச நிறைய இருக்கிறது.

உறவுக்குள்ளேயே தத்து நடந்த வீடுகளில் சிக்கல் அதிகம், பேச்சோ குறைவு. அக்கா பெற்ற மூன்றாவது குழந்தையைத் தங்கை வளர்க்கிறாள்; பெற்றவள் 'பெரியம்மா'வாக ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து போகிறாள். அங்கே பெரியவர்கள் நாலு பேரும் ஒருமுறை உட்கார்ந்து, என்ன சொல்வது என்று ஒத்துக்கொண்டாக வேண்டும். "அவங்க ரெண்டு பேரை வச்சுக்கிட்டு என்னை மட்டும் ஏன் குடுத்தாங்க?" என்ற கேள்வி வந்தே தீரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பெரியம்மாதான். சித்தியாக இருந்து தாயானவர் அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கோப்பு

தத்து மையம் தந்த குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை, கண்டெடுத்த குழந்தையானால் பெற்றோரைத் தேடிப் பத்திரிகையில் வந்த அறிவிப்பு, தத்து ஆணை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். (2022 செப்டம்பருக்கு முன் ஆணை தந்தது நீதிமன்றம், அதன்பின் மாவட்ட ஆட்சியர்.) இல்லத்தில் வைத்த பெயரை மறக்காமல் குறியுங்கள். வரும்போது போட்டிருந்த சட்டையைத் துவைத்து மடித்து வையுங்கள். பார்த்துக்கொண்ட ஆயாவோடு ஒரு போட்டோ எடுத்திருந்தால் அதைவிட மதிப்பான தாள் அந்தக் கோப்பில் இருக்காது. பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர்தான் இருக்கும். ஆகவே பிள்ளையின் முதல் மாதங்களுக்கு வீட்டில் உள்ள சாட்சி இந்தக் கோப்பு ஒன்றுதான். இதில் எதையும் முகநூலில் போடாதீர்கள். யாரிடம் எவ்வளவு சொல்வது என்று பின்னால் முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் பிள்ளை.

பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொல்வார்கள், கைக்குழந்தைப் படம் கேட்பார்கள். வருடத் தொடக்கத்திலேயே வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

தாமதமாகிவிட்டதென்றால்

பிள்ளைக்குப் பத்து வயது தாண்டிவிட்டது, இன்னும் சொல்லவில்லை என்றால், இந்த மாதமே சொல்லுங்கள். பிறந்தநாள், பண்டிகை, பரீட்சை வாரம், ஊருக்குப் போகும் நாள் வேண்டாம். பள்ளி விடுமுறையின் தொடக்கமாக இருக்கட்டும். அடுத்த சில நாள் இருவரும் வீட்டில் இருங்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும், சுற்றி வளைக்காதீர்கள். இத்தனை நாள் சொல்லாதது உங்கள் பயத்தால்தான் என்று ஒத்துக்கொள்ளுங்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்று சொன்னால் பிள்ளை நம்பாது. வேறு யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் பெயர்களைச் சொல்லிவிடுங்கள். பிறகு கோப்பைக் கையில் கொடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டும். சில வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், அல்லது சாப்பாடும் தூக்கமும் கெட்டால், தத்து மையத்தின் ஆலோசகரிடம் போங்கள்.

வேர் தேட விரும்பும் பிள்ளைக்குத் தத்தெடுப்பு விதிமுறைகளில் இடம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் என்றால் உங்களோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பெற்றவர் தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். அவர் மறுத்தாலோ கிடைக்கவில்லை என்றாலோ, எந்தச் சூழ்நிலையில் குழந்தை ஒப்படைக்கப்பட்டது என்பதையாவது பிள்ளைக்குத் தெரிவிப்பார்கள். மூன்றாம் ஆள் தேட அனுமதி இல்லை. பதினெட்டு முடிந்துவிட்டால் பிள்ளை தனியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்கு உங்கள் கையெழுத்து தேவையில்லை.